ஆடிக் காற்றும் ஒரு டக்கும்: நெல்லைச் சீமையில் ஐந்து நாள்

ஜூலை 18, வியாழன் – திருநெல்வேலி

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது என்று சொல்லித்தான் மகளைக் கிளப்பினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள், அருவியில் ஒரு தடவைகூடக் குளித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு சொல்லியாயிற்று.

ஜங்ஷனில் இறங்கும்போது காலை ஏழு மணி. ஆடி பிறந்து இரண்டாம் நாள். மேற்கே மலைப் பக்கமிருந்து வருகிற காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவிவிட்டுப் போனது. ஸ்டேஷனுக்கு வெளியே டீ பன்னிரண்டு ரூபாய். கடைச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பழுப்புக் கோடு. “போன டிசம்பர் தண்ணி சார். அந்தக் கோட்டை மட்டும் வெள்ளையடிக்காம விட்டுட்டேன்” என்றார் டீ மாஸ்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைச் சொல்கிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது அப்போதுதான்.

குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்தோம். வெள்ளம் வரும்போதெல்லாம் தாமிரபரணிக்குள் மூழ்கி, வடிந்ததும் மறுபடி தலைகாட்டும் முருகன் கோயில் அங்கே இருக்கிறது. தண்ணீர் அன்று முழங்காலளவுதான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி மகளைக் கூப்பிட்டு, “அந்தப் பாறைப்பக்கம் போவாத தாயி, வழுக்கும்” என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் எழுந்து வந்து கையைப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்.

மதியம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் மூன்றையும் தனித்தனியாக எடுத்து வைத்த சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும். கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற விருந்தாக இருந்தது இப்போது மெஸ்ஸில் கிடைக்கிறது. ஆளுக்கு 130 ரூபாய்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் இலையில் வாங்கிய சூடான அல்வாவில் பாதியை மகளிடம் நீட்டினார். “சின்னப் புள்ள எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டுவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ராத்திரி உவரிச் சித்தப்பாவுக்குப் போன் போட்டு நெல்லையில் இருக்கும் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. விசாகப்பட்டினத்தில் கடற்படைத் தளத்தில், பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் துறையில் கொண்டுவந்து கட்ட உதவும் ‘டக்’ என்ற இழுவைப் படகில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “அருவி எங்கயும் போயிராது. இங்க வா” என்றார். முடிந்தால் வருகிறோம் என்று பட்டும்படாமல் சொல்லிவைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி – குற்றாலம்

பேரருவியில் வெள்ளம். பாறையை மறைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் விழுந்தது. கயிறு கட்டி, போலீஸ் நிறுத்தி, குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அதே கதை. சாரலில் நனைந்ததுதான் மிச்சம். மகள் பேசாமல் நின்று அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் பரோட்டா சாப்பிட்டோம். சின்னச் சின்னப் பரோட்டா, நாட்டுக்கோழி, மிளகு தூக்கலான சால்னா. அவள் ஆறு பரோட்டா தின்றாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து, “சரி, உங்க சித்தப்பா வீட்டுல கடல் இருக்கா?” என்று கேட்டாள்.

வாசலிலேயே இருக்கிறது என்றேன்.

ஜூலை 20, சனி – உவரி

நாங்குநேரி வழியாகத் திசையன்விளை பஸ். இரண்டு பக்கமும் காற்றாலைகள் ஒரே வெறியில் சுற்றின. விஜயநாராயணத்தை நெருங்கும்போது மகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, “அப்பா, அது என்ன கம்பம்?” என்று கேட்டாள். தூரத்தில், பனைகளெல்லாம் புல்லாய்த் தெரிகிற உயரத்தில், மெல்லிய கம்பங்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990 அக்டோபரில் தொடங்கிய கடற்படை நிலையம். சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் கொஞ்ச ஆழம் வரை போகும். முங்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக்கு இங்கிருந்துதான் சேதி சொல்கிறார்கள். அலை நீளமாக இருப்பதால்தான் கம்பமும் அத்தனை உயரம். கடல் கண்ணிலேயே படாத பொட்டல் காட்டில் நின்றுகொண்டு கடலுக்குள் பேசுகிற கம்பம் என்றதும் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

திசையன்விளைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் இருந்த முப்பது பேரில் ஒருவரும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் பனையேறிக்கொண்டிருந்தவரிடம் இரண்டு பேர் போய்ப் பதநீர் வாங்கிவர, கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே அங்கே கூடிவிட்டது. ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார், ஒரு பட்டை முப்பது ரூபாய். சீசன் முடிகிற சமயம், “இன்னும் ஒரு வாரந்தான்” என்றார். மகளிடம் காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்தியதும், “வெளியூருப் புள்ள, மொதத் தடவ குடிக்கி. அதுக்குப் போயி காசா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உவரியில் இறங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. கடலெல்லாம் வெள்ளை நுரை. படகுகள் கரையேறிக் கிடந்தன. சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலேயே நின்றார்.

“வந்துட்டியால? டயர் வெடிச்சிதாமே. வா தாயி, ஒங்க அப்பன் உன்னய அருவி அருவின்னு ஏமாத்திட்டானாக்கும்.”

பஸ் டயர் வெடித்தது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கடற்கரை ஊரில் அப்படித்தான்.

சித்தி ஊளிமீன் குழம்பு வைத்திருந்தாள். ஆடிக் காற்றில் மீன் வரத்துக் குறைவு. கிலோ அறுநூறு கொடுத்து வாங்கியிருக்கிறாள். சாப்பிட்டு எழுந்தபோது கரண்ட் போயிற்று. திண்ணையில் பாய் விரித்தோம்.

நான் ஒரு மாதமாக ஒரு டக்கைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றே படித்தது. “சித்தப்பா, ஹோகான்னு ஒரு டக். அமெரிக்க நேவியோடது” என்று ஆரம்பித்தேன்.

“ஹோகாவா? இந்தியில ஹோகான்னா ‘ஆகும்’லா!”

இது இந்தி இல்லை, அமெரிக்கப் பூர்வகுடிகளான சியூ மக்களின் சொல், மீன் என்று அர்த்தம் என்றேன். “மீனா? அப்பஞ் சரி” என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

நூறு அடி நீளம். 1940-ல் நியூயார்க்கில் கட்டினார்கள். 1941-ல் பணியில் சேர்ந்து, ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் ஹார்பர் துறைமுகத்துக்குப் போனது. டீசல் ஓடி மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தில் டக்கைத் தள்ளும் விசிறி சுற்றும் ஏற்பாடு. சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “நல்ல ஏற்பாடுல்லா அது! முன்னுக்கும் பின்னுக்கும் டக்குன்னு மாத்தலாம். அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கானா?”

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 7:55. ஜப்பான் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. ஹோகா பத்து நிமிஷத்துக்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

“பத்து நிமிசமா?” சித்தப்பா இருட்டில் என் பக்கம் திரும்பினார். “ஞாயித்துக்கெழம காலைல எஞ்சின் ஆறிக் கெடக்கும். பாதி ஆளு கரையில இருப்பான். பத்து நிமிசம்னா, ஆர்டருக்கு நிக்கல. அவனாப் போயிருக்கான்.”

முதலில் தண்ணீரில் தத்தளித்த இரண்டு பேரைத் தூக்கியது. அப்புறம் வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பல். அது எரிந்துகொண்டிருந்த அரிசோனா போர்க்கப்பலோடு பக்கத்தில் பக்கமாகக் கட்டிக்கிடந்தது. வெஸ்டலின் கேப்டன் காசின் யங் வெடிப்பில் கடலில் தூக்கி எறியப்பட்டு, நீந்தி, எண்ணெய் சொட்டச் சொட்ட மறுபடி ஏறிவந்து, கப்பலைக் கைவிடாதீர்கள் என்று ஆட்களைத் தடுத்து நிறுத்தினார். கட்டியிருந்த கயிறுகளை வெட்டினார்கள். ஹோகா தன் கயிற்றைக் கொடுத்து வெஸ்டலை நெருப்பிலிருந்து பிரித்தெடுத்தது.

“எரியிற கப்பலுக்குப் பக்கத்துல கயிறு கொடுக்கணும்னா…” என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து நெவாடா. அவ்வளவு பெரிய போர்க்கப்பல் நகர வேண்டுமென்றால் நாலு டக் வேண்டும். அன்று டக்கே இல்லாமல் தானாகக் கிளம்பியது. ஓடியதைப் பார்த்து விமானமெல்லாம் அதன்மேல் பாய்ந்தன. கப்பல் போய்வரும் வாய்க்காலின் நடுவில் மூழ்கினால் துறைமுகமே அடைபட்டுவிடும் என்று கரையில் ஏற்றினார்கள். ஏறிய இடமும் தோதில்லை. ஹோகா போய் அதன் முகப்பில் முட்டுக்கொடுத்துத் தள்ளி, வாய்க்காலின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்த உதவியது. பிறகு போர்க்கப்பல் வரிசைக்குத் திரும்பித் தீயணைப்பு. ஞாயிறு, திங்கள் போய், செவ்வாய் மதியம் வரை அரிசோனாவின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது.

“மூணு நாளா?”

“மூணு நாள் சித்தப்பா.”

வெகுநேரம் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள்தான் கேட்டாள்: “அந்த டக் இப்போ எங்க இருக்குப்பா?”

அதையும் சொன்னேன். 1942 பிப்ரவரியில் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் அந்தச் சிப்பந்திகளைப் பாராட்டி எழுதினார். போருக்கப்புறம், 1948-ல், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் அதைத் தீயணைப்புப் படகாகக் கடற்படையிடம் இரவல் வாங்கிக்கொண்டது. அங்கே நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. 1989-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 2015 நவம்பரில் ஆர்கன்சா ஆற்றங்கரையில், கடலே இல்லாத நார்த் லிட்டில் ராக் என்ற ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ரேசர்பேக் என்ற நீர்மூழ்கியும் நிற்கிறது. ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்ட அன்று டோக்கியோ விரிகுடாவில் இருந்த நீர்மூழ்கி அது. அமெரிக்காவுக்குப் போர் தொடங்கிய நாளில் இருந்த டக்கும், முடிந்த நாளில் இருந்த நீர்மூழ்கியும் ஒரே கரையில்.

“முழுகியும் டக்கும் பக்கத்துல பக்கத்துல,” என்றார் சித்தப்பா. “வச்சவன் வெவரமானவன்.”

ஜூலை 21, ஞாயிறு – உவரி

காலையில் கருப்பட்டிக் காப்பி. சித்தப்பா பூசைக்குப் போய்விட்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். கயிற்றின் நுனியில் கண்ணி பின்ன வேண்டும். மகளும் நானும் எதிரே.

பெருவிரல் பருமனுள்ள முப்பிரிக் கயிறு. நுனியை ஒரு முழம் அளவுக்குப் பிரித்தார். மூன்று பிரியின் முனையையும் அவிழ்ந்துவிடாமல் நூல் சுற்றிக் கட்டினார். கயிற்றை வளைத்துக் கண்ணி அளவு பார்த்தார். பிறகு கூரான ஒரு மரக்குச்சியை எடுத்துக் கயிற்றின் முறுக்குக்குள் குத்தித் திருகி வாய் திறந்து, நடுப்பிரியை அதில் நுழைத்து இழுத்தார். அடுத்தது பக்கத்துப் பிரி. மூன்றாவதை நுழைக்கக் கயிற்றைக் கவிழ்த்துப் போட்டார். அந்த மூன்றாவதில்தான் எல்லாரும் தப்புப் பண்ணுவார்கள் என்று, மகளின் விரலைப் பிடித்து அந்த இடத்தைத் தொட வைத்தார். ஒவ்வொரு நுழைப்புக்கும் குதிகாலில் மாட்டி ஒரு இழுப்பு. ஐந்து சுற்று முடிந்ததும் கால் மிதியடிக்கு அடியில் போட்டு உருட்டினார். எங்கே பிரிந்தது, எங்கே சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“இழுக்க இழுக்க இது இறுகும். முடிச்சு அப்டி இல்ல, முடிச்சு போட்ட எடத்துல கயிறு பாதி பலந்தான்.”

அவருடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இன்றுதான் கேட்டேன். கயிறு அறுந்து அடித்தது. கப்பலை இழுக்கும்போது கயிறு ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் நீண்ட அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வரும். அவருக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்குக் கால் முறிந்தது. அதைவிடப் பயம் கயிறு பக்கவாட்டில் திரும்புவது. கப்பல் முந்திப் போய், டக் குறுக்கே மாட்டிக்கொண்டால், கயிறே டக்கைக் கவிழ்த்துவிடும். கொக்கியைத் தட்டிவிட வேண்டும். “யோசிக்க நேரங் கெடையாது. ஒன்னு, ரெண்டுன்னு எண்ணும்போதே முடிஞ்சிரும்.”

1981-ல் லாஸ்கராக, அதாவது டக்கின் அடிநிலைச் சிப்பந்தியாகச் சேர்ந்தார். ராணுவச் சீருடை கிடையாது. கடற்படைத் தளத்தின் டக்கை ஓட்டுவது சிவிலியன்கள்தான்: லாஸ்கர், ஃபயர்மேன், எஞ்சின் டிரைவர், டிண்டல், எல்லாருக்கும் மேலே சாரங்கு. கடைசிப் பத்து வருஷம் இவர்தான் சாரங்கு. “எங்க தாத்தா தூத்துக்குடியிலேருந்து கொழும்புக்குப் போன தோணியில தண்டல். நான் டக்குல டிண்டல். சொல்லு ஒண்ணுதான், சம்பளந்தான் வேற.” தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர்.

அவருடைய டக்குக்குப் பேர் உண்டு, பலகையில் எழுதியிருக்கும். ஆனால் ஆட்கள் எல்லாரும் கிழவி என்றுதான் சொல்வார்களாம். பத்து டன் இழுவை. கரையில் இருக்கும் இரும்புக் குற்றியில் கயிற்றைக் கட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட விட்டு, எத்தனை டன் இழுக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கணக்கு. குதிரைசக்தியைச் சொன்னால் சித்தப்பா மதிக்கமாட்டார். “எத்தன டன்னு இழுக்கும்னு சொல்லு.”

மதியம் சாப்பிட்டபின் அரங்கு என்கிற உள்ளறைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். சர்வீஸ் புத்தகத்தின் நகல் மேலே இருந்தது. இன்கிரிமென்ட், லீவு, மாற்றல், கையெழுத்து. அதில் மனிதரைக் காணோம், டக்கையும் காணோம். அதற்குக் கீழே பதினெட்டு டைரிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வருஷப் பிறப்புக்குக் கடைக்காரர்கள் கொடுக்கும் டைரிகள்.

ஒன்றைப் பிரித்தேன். பென்சில் எழுத்து. ஒரு நாளைக்கு ஒரு வரி.

‘காலை 5. பெருசு உள்ளே. காத்து தெக்கு.’

‘மதியம் 2. சின்னது ரெண்டு வெளியே. கயிறு ஒண்ணு போச்சு.’

‘ராத்திரி. முழுகி உள்ளே. மழை.’

கப்பல் பெயரே இல்லை. “எழுதக் கூடாதுல்லா. கடப்படை கப்பலு எப்ப வருது, எப்ப போவுதுன்னு எழுதி வீட்டுல வைக்க முடியுமா?” அதனால் எல்லாக் கப்பலுக்கும் மூன்றே பெயர்: பெருசு, சின்னது, முழுகி. விசாகப்பட்டினம் கடற்கரையில் இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக்கு, அது ஓடிய காலத்தில், இவர் எத்தனையோ முறை கயிறு கொடுத்திருக்கிறார். டைரியில் அதுவும் வெறும் முழுகிதான். 2002-ல் அதை மணலேற்றி ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது, லீவு நாளில் டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்த்தாராம். மேலேயிருந்து கயிறு வாங்கிய கப்பலின் உள்பக்கத்தை அன்றுதான் பார்த்தார்.

2014-ஆம் வருஷ டைரியை நானே தேடி எடுத்தேன். ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய அக்டோபர் 12 எனக்கு ஞாபகம் இருந்தது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கத்தில் இரண்டே சொல்:

‘காத்து. தள்ளினோம்.’

என்ன தள்ளினீர்கள் என்று கேட்டேன். அவர் சித்தியைப் பார்த்தார். சித்திதான் ஆரம்பித்தாள்: “மூணு நாளு ஆளு வரல. வீட்டுக் கூரைத் தகரம் அத்தனையும் பறந்துட்டு. போன் இல்ல, கரண்ட் இல்ல. போயிட்டாருன்னே நெனச்சேன்.”

ஓடக்கூடிய பெரிய கப்பல்களை முன்கூட்டியே கடலுக்கு அனுப்பியாயிற்று. புயல் வந்தால் போர்க்கப்பலுக்குக் கரையைவிட நடுக்கடல்தான் பத்திரம். ரிப்பேரில் எஞ்சின் கழற்றிக் கிடந்த ஒரு ‘பெருசு’ மட்டும் போக முடியவில்லை. காற்று அதைத் துறைமேடையிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்த்தது. கட்டியிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாகப் போயின. கிழவியைக் கொண்டுபோய் அதன் வயிற்றில் முட்டுக்கொடுத்து, மேடையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். காலையில் முழு வேகத்தில் போட்ட எஞ்சினைக் குறைக்கவே இல்லை. நடுவே ஒரு முக்கால் மணி நேரம் காற்று சுத்தமாக நின்றது. புயலின் கண். “எல்லாவனும் முடிஞ்சிட்டுன்னு சிரிச்சான். நான் எஞ்சினைக் கொறைக்காதீங்கன்னு கத்துனேன். எதிர்ப்பக்கத்துலேருந்து திரும்ப வரும்லா.” வந்தது. காற்று திசை மாறியதும், மேடையில் மோதாமல் இருக்க அதே கப்பலை இப்போது கயிறு போட்டு வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மணிக்கு 180 கிலோமீட்டரை ஒட்டிய காற்றில், முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த டக்கில்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வாய்க்காலில் மிதந்த மரம், தகரம், உடைந்த படகு எல்லாம் பொறுக்கினார்கள். அந்த இரண்டு நாள் பக்கமும் வெறுமையாக இருந்தது.

நேற்று ராத்திரி நான் மூன்று நாள் என்றபோது இவர் ஏன் அப்படிப் பேசாமல் இருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

“இதைப் படம் எடுத்துக்கிடவா சித்தப்பா?”

“எடு. முழுகி வார பக்கம் வேண்டாம்.”

கிழவியை 2015-ல் ஏலத்தில் விட்டார்கள். உடைக்க எடுத்துப்போக இன்னொரு டக் வந்து கயிறு கொடுத்தது. அந்தக் கயிற்றை வாங்கிக் கிழவியின் குற்றியில் மாட்டியது சித்தப்பாதான். ஹோகா அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்த அதே வருஷம். பேர்ல் ஹார்பரில் ஹோகாவோடு உழைத்த நோகோமிஸ் என்ற டக்கும் இப்படித்தான் கடைசியில் உடைபட்டது. அதைச் சொன்னபோது, “பேரு எழுதி வச்சுக்கோ தாயி” என்று மகளிடம் சொன்னார். அவள் எழுதினாள்.

சாயங்காலம் கப்பல் மாதா கோயிலுக்குப் போனோம். கோயிலே கப்பல் வடிவத்தில் கட்டியது. காற்றில் மணல் பறந்து முகத்தில் அறைந்தது. சித்தப்பா உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். யாருக்காக என்று கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள் – தூத்துக்குடி

மகளுக்கு டக்கைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று சித்தப்பாவும் கூடவே வந்தார். திருச்செந்தூர் வழி பஸ். வழியில் உடன்குடியில் இறங்கி இரண்டு கிலோ கருப்பட்டி, கிலோ 380. உடைத்து முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார் சித்தப்பா. சர்க்கரை கலந்திருந்தால் உடைந்த இடம் மினுக்கும் என்றார்.

தூத்துக்குடியில் முதலில் பழைய துறைமுகப் பக்கம். மரத் தோணிகள் கட்டிக்கிடந்தன. இந்தக் கடல் ஆழம் குறைந்தது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராமல் சில மைல் தள்ளியே நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் படகில்தான் கொண்டு சேர்த்தார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் காலியா, லாவோ கப்பல்களைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். “கப்பலு பேரு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஆளேத்துன படகு பேரு யாருக்குத் தெரியும்?” என்றார் சித்தப்பா. கேட்டுவிட்டுத் தோணிக்காரர் ஒருவரிடம் பழக்கம் விசாரிக்கப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் பிரித்துக் கொண்டுவர முடிந்தது.

புதுத் துறைமுக வாசலில் விடவில்லை. பாஸ் வேண்டும். சித்தப்பா தன் பென்ஷன் அட்டையை எடுத்துக் காட்டினார். அந்த இளைஞர் அதை வாங்கிப் படித்து, எழுந்து நின்று, “ஐயா, விதி அப்படி. மன்னிச்சிருங்க. பீச் பக்கம் போனா நல்லாத் தெரியும்” என்றார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சித்தப்பா, “அவன் டூட்டிய அவன் பாக்கான்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கடற்கரையில் சுண்டல் முப்பது ரூபாய். கையில் வாங்கி வைத்திருந்த மக்ரூன், கால் கிலோ 240. மணல் விழாமல் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து தின்றோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் வாயில் கரைந்தன. தெற்கே கருங்கல் தடுப்புச் சுவர், நாலு கிலோமீட்டர் நீளம் கடலுக்குள் போகிறது. அதற்கு அப்பால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவேதான் துறைமுகம்.

ஐந்தரை மணி வாக்கில் கப்பல் ஒன்று வந்தது. சுவருக்கு மேலே அதன் மேல்பாதி மட்டும் தெரிந்தது. சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். “ரெண்டு டக்கு. ஒண்ணு முன்னால. ஒண்ணு பின்னால. அந்தா, அந்தக் கூண்டு தெரியுதா தாயி? சின்னதா.” தெரிந்தது. அவ்வளவு பெரிய கப்பலின் பின்னால், கல்லில் உட்கார்ந்த காக்கா மாதிரி.

“காத்து இவனைத் தள்ளுது பாரு. இப்பம் பின் டக்கு பிடிக்கணும்… பிடி… விடாத…” சொல்லச் சொல்லக் கப்பலின் பின்பக்கம் மெல்லத் திரும்பியது. அவருடைய வலது கை காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. கால் பெருவிரல்கள் மணலை அழுத்தின. மகள் கடலைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் உள்ளே போய் மறைந்தது. சென்னை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் கூட இல்லை. “கிளம்பலாமா சித்தப்பா?”

“இருல. கப்பலு கட்டிட்டான். டக்கு கட்டலல்லா.”

வெளிச்சம் குறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விளக்கு வேகமாகத் திரும்பி வந்தது. இழுக்க ஒன்றும் இல்லாததால் லேசாக, துள்ளிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் நின்றது. கொஞ்சம் முன்னே போனது, பின்னே வந்தது, அப்புறம் அசையவில்லை. சித்தப்பா இன்னும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

“கட்டிட்டான்” என்று சொல்லிவிட்டு, சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். “வாங்க, போவோம்.”